வெள்ளை டேக், மஞ்சள் டேக்

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் கம்பெனி கொடுத்தது. ஏழு மாதம் இழுப்பறையில் கிடந்தது. அப்போது எழுத நேரமில்லை. இப்போது நிறையவே இருக்கிறது.

வியாழக்கிழமை எம்.டி. கூப்பிட்டார். வெளிநாட்டு பையர் ஆர்டரை நிறுத்திவிட்டாராம். "நாலு மாசம் பொறுங்க மூர்த்தி, மார்க்கெட் தேறட்டும், நானே கூப்பிடறேன்" என்றார். பத்தொன்பது வருடம் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக ஆர்டர் முழுவதையும் பார்த்தவனுக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். என்னோடு அறுபது பேருக்கு வேலை போனது. அவர்களுக்கு டீயும் இல்லை.

மனைவி வாணியிடம் இன்றுதான் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "சரி விடுங்க, பார்த்துக்கலாமுங்க" என்றாள். யார் பார்ப்பது? இவளுடைய இரண்டு மிஷினா? முன்னறையில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறாள். 'வாணி டெய்லர்ஸ்' என்று வாசலில் ஒரு தகரப் பலகை. அதற்குப் பெயின்ட் அடிக்கக் காசு கொடுத்தவனே நான்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இவள் கடையிலும் ஈ ஓட்டுகிறாள். போன வருடம் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. இந்த வருடம் நான்கு ஜாக்கெட். திருப்பூரில் பாதிக் கம்பெனி மூன்று நாள்தான் ஓடுகிறது, யார் புடவை எடுப்பார்கள்? புடவை இல்லாமல் ஜாக்கெட் ஏது?

சரி, நாம் இறங்கி இந்தக் கடையைத் தூக்கி நிறுத்துவோம் என்று முடிவு செய்தேன். பெயரை மாற்ற வேண்டும், டிசைன் ஆல்பம் போட வேண்டும், பணக்கார வீடுகளைப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் விளக்கினேன். வாணி "ம்" போட்டுக்கொண்டே கொக்கி வைத்துத் தைத்தாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எதிர்வீட்டு டீச்சர் ஒரு பழைய பட்டு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். கை இறுக்குகிறது, பிரித்துவிட முடியுமா என்றார். வாணி செய்து கொடுத்தாள். மறுநாள் அவர் மூன்று பேரை அனுப்பினார். அவ்வளவுதான், இவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'பழைய ஜாக்கெட் சரிசெய்து தரப்படும்' என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள்.

உலகத்துக்கே உடுப்பு தைத்து அனுப்புகிற ஊரில், என் வீட்டு வாசலில் இப்படியொரு அட்டை. வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க, புதுசு எடுக்க முடியாதவங்க பழசைத்தானுங்க உடுத்தோணும்? அந்தப் பழசு இறுக்காம அவங்களுக்குப் பத்தோணுமல்ல?"



செப்டம்பர் 4, வியாழன்

மூட்டை மூட்டையாக வருகிறது. இதில் ஒரு பெரிய தலைவலி. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்கள் உடம்பை அளக்கவிடுவதில்லை. கச்சிதமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கூடவே கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். அதைப் பார்த்து வெட்டித் தைத்துவிட்டு, அதைத் தொடாமல் திருப்பித் தர வேண்டும். ஆல்டரேஷனுக்கு வருவதும் பழைய ஜாக்கெட்தான். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் எது எது என்று யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை வாணியே ஒன்றைப் பிரிக்கப் போய்க் கடைசி நிமிடத்தில் நிறுத்தினாள்.

இங்கேதான் அனுபவம் பேசுகிறது. வெள்ளை டேக் என்றால் அளவு ஜாக்கெட், கத்தரி படக் கூடாது. மஞ்சள் டேக் என்றால் பிரிக்க வேண்டியது. என்ன செய்ய வேண்டும் என்பதும் மஞ்சளிலேயே எழுதியிருக்கும். இரண்டே நாளில் குழப்பம் தீர்ந்தது.

"இது நல்ல ரோசனைங்க" என்றாள் வாணி. இன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு ஆள் வேண்டும் என்றாள். பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தவசியைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் மாதிரி உடுப்பு தைக்கிற சாம்பிள் டெய்லர். போடிநாயக்கனூர்க்காரன். எனக்கு வேலை போன அதே வியாழக்கிழமை அவனுக்கும் போனது. என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"சார், எங்கயாச்சும் சொல்லிவிடுங்க சார். ஊருக்குப் போக மூஞ்சி இல்ல."

கையோடு கூட்டிவந்தேன். அவனைக் கொண்டுவந்தது நான்தான். இதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் மறந்துவிடக் கூடாது.

செப்டம்பர் 13, சனி

ஆள் கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் தடம் வரிசையாகத் தெரியும். இவன் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை மேலாகக் காட்டி, நகத்தால் இப்படியும் அப்படியும் நீவுகிறான். தடம் போய்விடுகிறது.

"அம்மாடி! இங்க வந்து பாருங்க, தடமே தெரியலைங்க!"

போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. எங்கள் கம்பெனிக்கு ஏற்றுமதி விருது வந்து, நான் மேடையில் நின்று அதை வாங்கிய அன்று இவள் 'அம்மாடி' என்று சொல்லவில்லை. வரும்போது கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னாள்.

செப்டம்பர் 18, வியாழன்

இவள் அவனை 'அண்ணா' என்கிறாள். அவன் இவளை 'அக்கா' என்கிறான். யார் மூத்தவர் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

என் வேலை இப்போது டேக் கட்டுவது, இஸ்திரி போடுவது, பிசிறு வெட்டுவது. "ஏனுங்க, இந்த நூல் பிசிறை மட்டும் வெட்டிக் குடுத்துடுங்க" என்று ஒரு சின்னக் கத்தரியைக் கையில் கொடுத்தாள். பிசிறு நீட்டிக்கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக ஆயிரம் டஜன் பனியனை ரிஜெக்ட் செய்த ஆள் நான். தவசி அப்போது வாசலில் கைகட்டி நிற்பான். இன்று அவன் தைத்துப் போடுகிறான், நான் பிசிறு வெட்டுகிறேன். அதற்கும் அவன் "சார், விடுங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்கிறான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 24, புதன்

தவசி ஒரு யோசனை சொன்னானாம். முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு, சின்ன வேலையை ஆள் உட்கார்ந்திருக்கும்போதே முடித்துக் கொடுப்பது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேங்க் பெண்களும் ஆஸ்பத்திரிப் பெண்களும் வரிசை கட்டுகிறார்கள். நான் ஆகஸ்டில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், வேறு வார்த்தையில் சொன்னேன். அது இவள் காதில் ஏறவில்லை. இப்போது "தவசியண்ணா மூளையே மூளை."

கோவையிலிருந்து மகள் போன் செய்தாள். ஹாஸ்டலுக்கு ஏதோ கட்ட வேண்டுமாம். முன்பெல்லாம் இந்தப் போன் எனக்குத்தான் வரும். இன்று நேராக அம்மாவுக்குப் போனது. கடைசியில், "அப்பா பக்கத்துல இருக்காரா, கேட்டேன்னு சொல்லும்மா" என்றாளாம்.

குழம்பில் காரம் ஏறிவிட்டது. தவசிக்கும் மத்தியானச் சாப்பாடு இங்கேதான், அவன் ஊர்த் தேனிப் பக்கத்தில் அப்படித்தான் சாப்பிடுவார்களாம். என் நெஞ்செரிச்சலுக்காக இருபத்திரண்டு வருடமாக மிளகாயைக் கிள்ளிப் போட்டுச் சமைத்தவள் இவள்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூஜை. மிஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். கத்தரி, டேப், ஊசி எல்லாம் சாமி முன்னால் தட்டில். நானும் என் டேக் கட்டைக் கொண்டுபோய் வைத்தேன். வாணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். டேக் கட்டை விட்டுவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். தெரிந்தால் மட்டும் என்ன? நானே ஒரு விரல் குங்குமம் எடுத்து அதற்கு வைத்தேன்.

இன்று காலை தட்டிலிருந்து கத்தரியை எடுத்து முதல் துணி வெட்ட வேண்டும். கையை நீட்டினேன். "அண்ணா, நீங்க எடுங்க, உங்க கை நல்ல கை" என்று தவசியைப் பார்த்துச் சொன்னாள். நீட்டின கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அக்டோபர் 8, புதன்

பெரிய வேலை. காங்கயம் ரோட்டு சுலோச்சனா அக்கா காரில் வந்தார். அவர்களுடைய பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஃபேக்டரி நின்று மூன்று மாதம் ஆகிறதாம். நவம்பர் மூன்றாம் தேதி மகளுக்குக் கல்யாணம். வழக்கமாக அந்த வீட்டில் கல்யாணம் என்றால் உறவுப் பெண்கள் எல்லோருக்கும் புதுப்பட்டு. இந்தத் தடவை முடியாது. பழைய பட்டையே உடுத்துவது என்று பெண்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இருபத்தேழு ஜாக்கெட்டைப் பிரித்து, பிடித்து, புதுசு மாதிரி ஆக்க வேண்டும். அவருக்கு மட்டும் புதிதாக ஒன்று தைக்க வேண்டும்.

"வெளிய தெரியக் கூடாது கண்ணு" என்று வாணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரை மணி நேரம். என் வீட்டில் நான் வெளியே நின்றேன். வந்ததும் வாணி ஒரு பையைக் கொடுத்தாள்.

"இதுல அக்காவோட அளவு ஜாக்கெட் இருக்குதுங்க. அவங்களுக்குப் பத்தறது அது ஒண்ணுதான். நான் சொல்றப்போ பார்த்து டேக் போட்டுக் குடுங்க."

"ஏன், அதில் அப்படி என்ன?"

"பொம்பளைங்க விசயமுங்க, விடுங்க."

இது நன்றாக முடிந்தால் அந்தக் குடும்பத்து மொத்த உறவும் வாடிக்கை. மெயின் ரோட்டில் ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறாளாம். எப்போது பார்த்தாள்? யாரோடு போய்ப் பார்த்தாள்?

அக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது வாணி தவசியிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

ஆக, சுலோச்சனா அக்கா விஷயம் அவனுக்குச் சொல்லலாம். எனக்குச் சொல்லக் கூடாது. பொம்பளை விசயமாம். இவன் என்ன பொம்பளையா?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தவசிக்கு வாணி ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தாள். எனக்கும் எடுத்திருந்தாள். இரண்டும் ஒரே கடை, ஒரே கரை.

அக்டோபர் 23, வியாழன்

சுலோச்சனா அக்கா பையைத் தரச் சொன்னாள் வாணி. டேக் கட்டி முன்னறையில் வைத்தேன். காலையிலிருந்து மழை. கண் எரிச்சல். முன்னறையில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

தவசி ஏதோ கேட்க வந்தான். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ பதில் சொன்னேன்.

அக்டோபர் 25, சனி

காலை பதினொரு மணிக்கு வாணி புது ஜாக்கெட்டை வெட்ட உட்கார்ந்தாள். அளவு ஜாக்கெட்டைத் தேடினாள். தவசி மேசையில் அது பிரிந்து கிடந்தது. கை தனி, முன்பக்கம் தனி, பக்கவாட்டில் ஒரு இஞ்ச் வெட்டியாகிவிட்டது. வாணி கையையும் முன்பக்கத்தையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தாள். பிறகு கத்தினாள். அவள் யாரிடமும் கத்தி நான் கேட்டதில்லை.

"கண்ணை எங்க வெச்சிருந்தீங்க? இது அளவு ஜாக்கெட்டுன்னு ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியுமே! நாற்காலியில் உட்கார்ந்திருக்கற பொம்பளைங்களோட பேசிக்கிட்டே வெட்டுனா இப்படித்தான்!"

நாற்காலியில் இருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள்.

தவசி அந்த மஞ்சள் டேக்கை எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என் தப்புத்தேன்க்கா. பாக்காம விட்டுட்டேன்."

டேக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். செருப்பை மாட்டினான், போய்விட்டான். வாணி கூப்பிடவில்லை.

டேக் எப்படி மாறியது என்று தெரியவில்லை. மாறுவது சகஜம்தான். எக்ஸ்போர்ட்டிலேயே மாறும். மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இருந்தது என்று எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்ல?

அதே நாள், சாயங்காலம்

வாணி அழுது ஓய்ந்த பிறகு சொன்னாள். மூன்று வருடம் முன்பு சுலோச்சனா அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன். ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் யாரோ ஒரு அம்மா பொறுமையாக உட்கார்ந்து, உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிற மாதிரி அந்த ஒரு ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தார். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு அக்கா யாரையும் டேப்போடு கிட்டே வரவிட்டதில்லை. அவர் வீட்டுக்காரரைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த ஜாக்கெட்டை நம்பித்தான் மகள் கல்யாணத்தில் நிற்கப் போகிறார்.

"தவசிக்குத் தெரியுமல்ல?" என்றேன்.

"அவருகிட்ட எதுக்குங்க சொல்றேன்? உங்ககிட்டயே சொல்லலை."

"அன்றைக்கு மத்தியானம் ரகசியமாகப் பேசினீர்களே?"

வாணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதா? உங்களுக்கு எங்கயாச்சும் சூப்பர்வைசர் வேலை இருக்குதான்னு விசாரிக்கச் சொன்னேனுங்க. பிசிறு வெட்டிட்டு உக்காந்திருக்கறதைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு மெதுவாப் பேசினோம்."



அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் வாணி பஸ் ஏறி சுலோச்சனா அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை. அக்கா திட்டவில்லையாம். காப்பி போட்டுக் கொடுத்தாராம். பிறகு, "செரி விடு கண்ணு. நான் மேடைக்கு வரலை. சமையக்கட்டைப் பார்த்துக்கறேன். தாரை வார்க்க என் தங்கச்சி இருக்கறா" என்றாராம். மற்ற ஜாக்கெட்டுகளில் இன்னும் பதினொன்று பாக்கி. எட்டு நாள்தான் இருக்கிறது. வாணி ஒருத்தியால் முடியாது. தவசி போன் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு நான் கிளம்பினேன். பி.என். ரோட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் மூன்று பேரோடு தங்கியிருக்கிறான். பையைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இப்போதும் எழுந்து நின்றான்.

"டேக்கை நீ பார்த்தாய்" என்றேன்.

"பாத்தேன் சார்."

"எப்போது தெரிந்தது?"

"வெட்டும்போது தெரியல. அக்கா கத்துனப்பத்தேன் புரிஞ்சது. சார் டேக் கட்டுனா அதுல தப்பு இருக்காதுன்னு கம்பெனியில அத்தன பேருக்கும் தெரியும். பத்து வருசத்துல ஒண்ணு மாறுனதில்ல. மாறாதது மாறுச்சுன்னா, மாத்துனதுதான?"

வியாழக்கிழமை தெரிந்தே மஞ்சளைக் கட்டியதையும் வெள்ளிக்கிழமை நடந்ததையும் நான் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். அவன் அந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், இதுல உள்ள மெத்தை மாதிரி தச்சிருக்கு. இதையா பிரிக்கச் சொன்னாங்க? ஒரு தடவ அக்காட்ட கேட்டுக்கிறவா?" என்றான். நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, "டேக்கில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய். படிக்கத் தெரியாதா?" என்றேன். ஒரு வார்த்தை போதும், நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அது அக்காவுக்கு இருக்கிற ஒரே ஜாக்கெட் என்று எனக்குத் தெரியும். இவன் அசிங்கப்பட வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"அப்புறம் ஏன் உன் தப்பு என்று சொன்னாய்?"

"வேல இல்லாம நின்னப்ப நீங்கதான கூட்டியாந்து விட்டீக. அக்கா முன்னாடி உங்கள நிறுத்த மனசு வரல." பையின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "ஆனா ரொம்ப வலிக்கிது சார். பொம்பளையாளுகளோட பேசிட்டு வெட்டுனேன்னு சொல்லிட்டாக."

"வா, போகலாம். அதைச் சரிசெய்ய உன்னால்தான் முடியும்."

"முடியும் சார். பிரிச்ச துணியில பழைய தையல் ஓட்டை அப்படியேதேன் இருக்கும். பேப்பர்ல வச்சு வரஞ்சா அளவு கெடச்சுரும். வெட்டுன துண்டும் வேணும்." பிறகு தலையை நிமிர்த்தினான். "அக்காட்ட நீங்க சொல்லுங்க. சொல்லிட்டுப் போன் பண்ணுங்க. வந்துர்றேன்."

அக்டோபர் 27, திங்கள்

நேற்று மத்தியானமே சொல்லிவிட்டேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னேன். வாணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை அரிந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"எதுக்குங்க?"

"பொறாமை" என்றேன். இந்த வார்த்தையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "எல்லோரும் உன்னைக் கேட்டு வருகிறார்கள். நீ எல்லாவற்றுக்கும் அவனைக் கேட்கிறாய். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை."

"அந்த அக்கா என்னங்க பண்ணுனாங்க உங்களுக்கு?"



அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். சத்தம் போடவில்லை. "நானும் அவரைக் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டேன், அது என் தப்பு, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க நாளையிலிருந்து கடைக்குள்ள வர வேண்டாமுங்க. வீட்டுல நீங்க எப்பவும்போல இருங்க. சோறு போடறேன், துணி துவைக்கறேன், சண்டை போட மாட்டேன். கடைக்கு மட்டும் வேண்டாம். என்னை நம்பி ஒடம்பைக் குடுக்கற பொம்பளைங்க வர்ற இடமுங்க அது."

போன் செய்தேன். தவசி அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வாணி வாசலுக்கே போய்க் கையைக் கூப்பினாள். அவர் "அட, என்னக்கா நீங்க" என்று பதறினார்.

வெட்டின துண்டுகளைத் தேட வேண்டியிருந்தது. வேஸ்ட் துணி நான்கு மூட்டை பின்கட்டில் கிடந்தது. அது கடைக்கு வெளியேதான், ஆகவே உட்கார்ந்தேன். நான்கையும் கொட்டி, நாடா மாதிரி இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டும் கிடைத்தன. ஜன்னல் வழியாக நீட்டினேன். வாணி வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று வாணி புது ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். பழையதையும் தவசி மறுபடி சேர்த்துத் தைத்திருந்தார், வெட்டின இடமே தெரியாமல். அக்கா உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே வரவில்லையாம்.  பிறகு வந்து, "ரெண்டும் பத்துது கண்ணு" என்று மட்டும் சொன்னாராம்.

தப்பு யாருடையது என்று கேட்டாரா என்றேன். "என்னோடதுன்னு அன்னைக்கே சொல்லிட்டேனுங்க" என்றாள் வாணி.

நவம்பர் 3, திங்கள்

கல்யாணத்துக்கு வாணிக்கும் எனக்கும் அழைப்பு இருந்தது. வாணியும் தவசியும் போனார்கள். அக்கா மேடையில் நின்று தாரை வார்த்தாராம். இருபத்தேழு பெண்களையும் பார்த்து ஊரே அசந்துபோனதாம், எந்தக் கடையில் பட்டு எடுத்தீர்கள் என்று விசாரித்தார்களாம்.

நான் வீட்டில் இருந்தேன். அரிசி ஊறவைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அவிநாசி ரோட்டில் தைத்த உடுப்பைச் சரிபார்க்கிற ஒரு செக்கிங் யூனிட், சூப்பர்வைசர். முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. விசாரித்துச் சொன்னது தவசி. வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

முன்னறையில் கூட்டம். "சுலோச்சனாக்கா சொன்னாங்க" என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நான் பின்கட்டு வழியாகப் போய்வருகிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மெயின் ரோட்டில் புதுக்கடை திறப்பு. ஐந்து மிஷின். இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வாணி என்னை வரச் சொல்லியிருந்தாள். "வீட்டுக்காரர் வராம எப்படிங்க?" என்றாள். தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலோடு நின்றுகொண்டேன்.

தவசி பட்டுத் துணி ஒன்றை வெட்டித் தொடங்கி வைத்தார். கை தட்டினார்கள். எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பியது. போய்விடவில்லை அது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சுலோச்சனா அக்கா வந்து குத்துவிளக்கு ஏற்றினார். திரும்பும்போது வாசலில் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு பொம்பளை மேல வரோணும்னா வீட்டு ஆம்பளை விட்டுக் குடுக்கோணும். வேலை போன ஆம்பளைங்க இந்த ஊருல என்னென்ன ஆட்டம் ஆடறாங்கன்னு பார்த்துட்டுத்தான இருக்கறேன்? நீங்க பொறாமைப்படாமப் பொண்டாட்டிகூட உக்காந்து பிசிறு வெட்டுனீங்களாம், உங்க எதிர்வீட்டு டீச்சரம்மா சொன்னாங்க. உங்களை மாதிரி ஒரு மனுசன் கூட இருக்கப் போயித்தான் நான் அன்னைக்கு மேடையில நின்னேன்."

வாணியைப் பார்த்தேன். அவள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறாள். தவசியும் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"வாங்கக்கா, இனிப்பு எடுத்துக்கோங்க" என்று வாணி அவரை உள்ளே கூட்டிப் போனாள்.

இந்த மூன்று மாதத்தில் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், தவசியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இன்று சுலோச்சனா அக்கா ஒருவனைப் பற்றிச் சொன்னாரே, மனைவியோடு உட்கார்ந்து பொறாமையில்லாமல் பிசிறு வெட்டியவன், அவனைப் பார்த்துத்தான் எனக்கு வயிறெரிகிறது.